அடுப்படிக் காற்று

ஜனவரி 11

மீட்டர்காரருக்கு,

அக்கா வீட்டுக்கு நலமாக வந்து சேர்ந்தோம். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னீர்கள், நான் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்திருக்கும். வாலு பக்கத்தில் நின்று ஒரு காதால் உங்களையும் ஒரு காதால் என்னையும் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். அதனால் இப்படி ஏற்பாடு: ஞாயிற்றுக்கிழமை அவள் மட்டும் உங்களோடு போனில் பேசட்டும். நாம் இருவரும் எழுதிக்கொள்வோம். எழுதினால் கோபத்தில் வரும் வரியை அடித்துவிடலாம். போனில் அது முடியாது. தப்பும் தவறுமாக எழுதினீர்கள் என்றால் திருத்தி அனுப்புவேன், டீச்சர் புத்தி என்னை விட்டுப் போகாது.

போன குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்தோம். ஆறு வயசுக் குழந்தை இழுப்பு வந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுவதை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது. அதற்குத்தான் மாற்றல் கேட்டேன், உங்கள் மேல் கோபத்தில் இல்லை. சரி, கொஞ்சம் கோபத்திலும்தான். எல்லோரும் கிளம்பலாம் என்று சொன்னபோது "அங்க வந்து நான் என்ன பண்றது, மாடு மேய்க்கறதா?" என்று கேட்டீர்களே, அதை இன்னும் நான் மறக்கவில்லை.

இங்கே காற்று எப்படி இருக்கிறது தெரியுமா? பள்ளிக்கூட வாசலில் நின்றால் நாலு பக்கமும் வயல். தூரத்தில் ஒரே ஒரு செங்கல் சூளை, அதன் புகையும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. ஹாரன் சத்தம் கிடையாது. அக்கா, எங்கள் அம்மா போன பிறகு என்னை வளர்த்தாளே அதே மாதிரி, வாலுவையும் இடுப்பை விட்டு இறக்குவதில்லை. சூளையில் வேலை செய்கிறவர்களுக்கு அவள்தான் இன்னமும் சமைத்துப் போடுகிறாள். நீங்கள் வாங்கிக் கொடுத்த கேஸ் அடுப்பு பெட்டி பிரிக்காமல் பரண் மேல் இருக்கிறது. சிலிண்டருக்கு உறை தைத்துப் போட்டு அதன் மேல் ரேடியோ வைத்திருக்கிறாள். கேட்டால், "வெடிச்சா யாருடி பொறுப்பு?" என்கிறாள்.

மாற்றல் இப்போதைக்குத் தற்காலிகம்தான். பிடித்திருந்தால் மார்ச் கடைசிக்குள் சொன்னால் நிரந்தரமாக்கிவிடலாம் என்கிறார் தலைமையாசிரியை. அப்படி ஆக்கிவிட்டால் லேசில் திரும்ப முடியாது. யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் யோசியுங்கள்.

உங்கள் டீச்சர்


ஜனவரி 20

டீச்சரம்மாவுக்கு,

சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு படி.

யோசிக்கச் சொன்னாய், யோசித்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பு விடுகிற இடம் காலியாக இருக்கிறது. முன்பெல்லாம் மூன்று ஜோடிக்கு இடமில்லாமல் நான்தான் கத்துவேன். இப்போது என் செருப்பு அனாதை மாதிரி நடுவில் கிடக்கிறது. சமைக்கப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "டீச்சர் எப்ப வர்றாங்க?" என்று தினமும் கேட்கிறார். லீவுக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வேலையை விட மாட்டேன் என்று சொன்னது உண்மைதான். மாடு மேய்க்கிறதைப் பற்றிச் சொன்னது வேண்டாத பேச்சு. அந்த வரியை மட்டும் நீ அடித்துவிடலாம்.

வாலு போனில், "அப்பா, நானும் உன்ன மாதிரி காத்து புடிக்கணும்" என்றாள். சரி, பிடிக்கட்டும் என்று இந்த உறையில் கொஞ்சம் வெள்ளை வட்டத் தாள்களை வைத்திருக்கிறேன். பஸ் டிப்போ மாடியில் காற்றின் அழுக்கை அளக்கிற எங்கள் மெஷின் காற்றை உறிஞ்சி வடிகட்டுவது இதே தாளில்தான். ஓரம் மடங்கியதால் கழித்துப் போட்டவை. அலுவலகச் சொத்தைத் திருடிவிட்டேன் என்று நினைக்காதே. உங்களிடம் உறிஞ்சுகிற மெஷின் இல்லை. அதனால் தாளில் வாசலினை மெல்லிசாகத் தடவி, ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடச் சொல். பறக்கிற தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். டிப்போ வாசலில் நானும் அதே மாதிரி ஒன்றைத் தொங்கவிடுகிறேன். யாருடையது கறுப்பு என்று பார்ப்போம். இது மீட்டர் கணக்கில் வராது, வெறும் கண் பார்வைதான். ஆனாலும் வாலுவுக்கு அப்பா வேலை செய்த மாதிரி இருக்கும்.

எப்படியும் நீதான் ஜெயிக்கப் போகிறாய். ஜெயித்துக்கொள்.

மீட்டர்காரன்


பிப்ரவரி 2

மீட்டர்காரருக்கு,

ஜெயித்துவிட்டேன்! பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒன்று, துணி காய்கிற கொடியில் ஒன்று. இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் மண் கலர், அவ்வளவுதான். கொடியில் தொங்கியதில் ஓர் ஓரம் மட்டும் சாம்பல் நிறமாக இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் குப்பை கொளுத்தினார், அதாக இருக்கும். என் வகுப்புப் பிள்ளைகள் தாளைச் சுற்றி நின்று, "டீச்சர், காத்து மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார்கள். அன்றைக்கு எனக்குக் கணக்குப் பாடம் நடத்தவே மனசு வரவில்லை.

வாலுவுக்கு லேசாக இருமல். பனிதான். அக்கா அவளைத் தரையில் கால் வைக்க விடுவதில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து அவளுக்குக் குளிக்க வெந்நீர் போடுகிறாள். ஈர விறகு பிடிக்காவிட்டால் ஒரு டயர்த் துண்டைச் சொருகிவிட்டால் போதும், குபுகுபுவென்று எரிகிறது. வாலு குளித்துவிட்டு வந்ததும் அடுப்புக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டுப் போர்வையைச் சுற்றி உட்கார வைக்கிறாள். பாடப் புத்தகத்தையும் அவள் அங்கேதான் படிக்கிறாள். "நெஞ்சுல குளிர் ஏறக் கூடாது" என்பது அக்காவின் தீர்ப்பு. ஒரு நாளைக்கு நாலு தடவை அவள் நெஞ்சில் தைலம் தேய்க்கிறாள். நான் பெற்றேனா, அக்கா பெற்றாளா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும் போலிருக்கிறது.

கொஞ்சம் தாள் மிச்சம் இருக்கிறது. அதை வாலுவிடமே விட்டுவிட்டேன்.

உங்கள் அழுக்குத் தாளை எப்போது காட்டப் போகிறீர்கள்?

டீச்சர்


பிப்ரவரி 12

டீச்சரம்மாவுக்கு,

இந்தா, என் அழுக்குத் தாள். நான் தோற்றேன். டிப்போ வாசலில் ஒரு பகல், ஓர் இரவு. தாரில் விழுந்த மாதிரி இருக்கிறது. வாலு சிரிக்கட்டும்.

ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் "அப்பா" என்று கூப்பிட்டபோது அந்த ஒரு வார்த்தைக்குள்ளேயே மூச்சு வாங்கினாள். விசில் சத்தம் எனக்கு இங்கே கேட்டது. நான் கேட்டேன், "இன்ஹேலர் எத்தனை தடவைடா எடுக்குற?" என்று. "அம்மா சொல்ல வேண்டாம்னு சொன்னா" என்றாள். அவளுக்குப் பொய் வராது, உன்னைப் போல.

ஏன் மறைக்கிறாய்? நான் ஜெயித்துவிடுவேன் என்றா? இதில் எனக்கு ஜெயிக்க என்ன இருக்கிறது?

அந்தச் சூளைதான் காரணம் என்று நினைக்கிறேன். புகை எதிர்ப்பக்கம் போகிறது என்று எழுதினாய். காற்று எப்போதும் ஒரே பக்கம் அடிக்காது. நிலக்கரிப் புகை கண்ணுக்குத் தெரியாமலே வரும். நான் இத்தனை வருஷமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் பேச்சை ஒரு தடவையாவது கேள். குழந்தையை அழைத்துக்கொண்டு வந்துவிடு. இங்கே காற்று மோசம்தான், ஆனால் ஆஸ்பத்திரி பத்து நிமிஷத்தில் இருக்கிறது.

நானே வந்து அழைத்துக்கொண்டு வரட்டுமா? ஒரு வரி எழுது.


பிப்ரவரி 18

உங்களுக்கு,

வர வேண்டாம். வந்தால் உங்கள் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிடுவேன். எனக்கு அழ நேரமில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை ஓடி வந்து, "டீச்சர், உங்க பாப்பா பேச மாட்டேங்குது" என்றது. போய்ப் பார்த்தேன். உதடு வெளுத்து, தோள் இரண்டும் காதைத் தொடுகிறது. சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நெபுலைசர் இருக்கிறது, கரண்ட் இல்லை. நர்ஸ் பாவம், மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். சூளை டிராக்டர்காரர்தான் செங்கல்லை அப்படியே நடுரோட்டில் இறக்கிப் போட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் பறந்தார். இப்போது நன்றாக இருக்கிறாள். ரொட்டி வேண்டாம், பிஸ்கட் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள்.

சூளை, சூளை என்று எழுதினீர்களே. கேளுங்கள்: நிலக்கரி லாரி வரவில்லை என்று அந்த வாரம் முழுக்கச் சூளை அணைந்துதான் கிடந்தது. வேலை இல்லாமல் ஆட்கள் அக்கா வீட்டு வாசலில்தான் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மூன்று வேளையும் சமைத்து அவள் இடுப்பு ஒடிந்தது. ஆக, உங்கள் இத்தனை வருஷ அனுபவமும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. சுத்தமான காற்று என்றுதானே கொண்டு வந்தேன்? அங்கே இருந்ததைவிட இங்கே அடிக்கடி இழுப்பு வருகிறது. மறைத்தேன், உண்மைதான். ஊரைக் கூட்டிச் சண்டை போட்டு அழைத்து வந்துவிட்டு, இங்கேயும் இப்படித்தான் என்று உங்களிடம் எந்த முகத்தோடு எழுதுவேன்?

வாலு கடைசியாக ஒரு தாளைத் தொங்கவிட்டிருந்தாளாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஞாபகமாக எடுத்து, "அப்பாக்கு அனுப்பு" என்று கொடுத்தாள். எங்கே கட்டினாய் என்றால், "என் இடத்துல" என்கிறாள். முக்காலிக்கு மேலே, ஜன்னல் கம்பியில். இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு இப்போது எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.


பிப்ரவரி 25

என் டீச்சரம்மா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

நீ அனுப்பிய தாளை மேஜை மேல் வைத்திருந்தேன். அந்த வழியாகப் போன எங்கள் மேலதிகாரி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "எந்த சிக்னல்ல மாட்டுனது இது?" என்று கேட்டார். அது என் குழந்தை உட்கார்ந்து படிக்கிற இடம்.

டிப்போ வாசலில் இன்னொரு தாளைத் தொங்கவிட்டு எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதன் முன்னால் அது வெளுப்பு. இது கறுப்பு மட்டும் இல்லை, விரலால் தொட்டால் பிசுபிசுவென்று இழுக்கிறது. டயரும் ஈர விறகும் சேர்ந்தால் அப்படித்தான் வரும். நீ எழுதினாயே, கொடியில் தொங்கியது வெறும் மண் கலர் என்று. அது பொய்யில்லை. வெளியே வயல் காற்று. நாலு எட்டு உள்ளே வந்தால் இது. நான் சூளையைத் திட்டினேன், நீ பனியைத் திட்டினாய். அவள் நடுவில் அடுப்போடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு மூச்சு விட்டிருக்கிறாள்.

நீ நினைப்பாய், இவன் இப்போது "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிப்பான் என்று. இல்லை. நானும் இதைச் சொல்லவில்லை. நகரத்தில் தெருவுக்குத் தெரு மீட்டர் வைத்து அளக்கிறோம், அதனால் எங்கள் காற்றுக்குக் கெட்ட பெயர். உன் அக்கா வீட்டு அடுப்படியை இதுவரை யார் அளந்தார்கள்? அளக்காததால் அது நல்ல காற்று என்று நீயும் நம்பினாய், நானும் நம்பினேன். சும்மா வாய்க்குத்தான் உன்னோடு சண்டை போட்டேன். உள்ளுக்குள் குழந்தை அங்கே நன்றாக இருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதலில் முக்காலியைத் தூக்கி வாசலில் போடு. வெந்நீர் போடும்போது அவள் அந்தப் பக்கமே வரக் கூடாது. இது ஒன்றும் கஷ்டம் இல்லை.

கஷ்டம் வேறு. உன் அக்காவிடம் எப்படிச் சொல்லப் போகிறாய்? அவர் செய்தது அத்தனையும் பாசம். குழந்தைக்குக் குளிரக் கூடாதென்று செய்தது. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு எதையும் எழுதிவிடலாம், நேரில் நின்று சொல்ல வேண்டியவள் நீ. மெதுவாகச் சொல். வாலுவின் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், அவரிடம் காட்டாதே, காட்டினால் தாங்க மாட்டார் என்று தோன்றுகிறது. இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதே. அவருக்கு அந்தத் தொண்டைக் கமறல் எத்தனை வருஷமாக இருக்கிறது?

உன்


மார்ச் 9

உங்களுக்கு,

மெதுவாகச் சொல் என்றீர்கள். சொன்னேன். என்னைவிட மெதுவாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. முக்காலியை வாசலுக்கு எடுத்துப் போனேன், அக்கா திரும்ப உள்ளே கொண்டுவந்து போட்டாள். மறுபடி எடுத்துப் போனேன், மறுபடி வந்தது. இப்படியே அந்த முக்காலி ஒரு வாரம் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தது. கடைசியில் அவளே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்னடி உனக்கு? புள்ள குளிர்ல சாகட்டும்னு பாக்கறியா?" என்று கேட்டாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. நீங்கள் திருப்பி அனுப்பிய தாளையும் டிப்போ தாளையும் எடுத்து வந்து அவள் முன்னால் போட்டுவிட்டேன்.

"என்னடி இது?"

"இது ரோட்டுல மாட்டுனது. ஆயிரம் பஸ்ஸு போற எடம். இது உன் அடுப்படில மாட்டுனது."

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள், "தேச்சா போயிடுமா?"

"தாள்ல இருக்கறது போகும்கா. நெஞ்சுக்குள்ள போனத எப்படித் தேய்ப்ப?"

சொல்லியிருக்கக் கூடாது. அவள் போய்ப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். சூளை ஆட்கள் சாப்பிட்டுப் போன பிறகு, முகத்தை என் பக்கம் திருப்பாமலே சொன்னாள்: "உன்னையும் அதே எடத்துலதாண்டி உக்கார வச்சு வளத்தேன்."

"நான் நல்லாத்தான இருக்கேன்" என்றேன்.

"தெரியாம பண்ணிட்டேன்டி. குளிரக் கூடாதுன்னுதான்" என்றாள். அப்புறம் இருமினாள். அந்த இருமலை நான் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காக்கை கத்துவது மாதிரி அதுவும் வீட்டுச் சத்தம் என்றே நினைத்துவிட்டேன். நீங்கள்தான் கேட்டீர்கள், நான் கேட்கவில்லை.

கெஞ்சிக் கூத்தாடி டவுன் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். ஊதினாள். பலூனுக்கு ஊதுவது மாதிரி கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாள், முள் பாதிகூட ஏறவில்லை. டாக்டர் சின்னப் பையன். எங்கோ பார்த்துக்கொண்டே, "எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கறீங்கம்மா?" என்று கேட்டுவிட்டான். வந்ததே கோபம் அக்காவுக்கு! "யாரப் பாத்து என்ன கேள்வி கேக்கற? என் அப்பன் பேரக் கேளு, ஊர்ல எவனையாவது கேளு!" மருந்து வாங்குகிற இடம் வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். அவள் மூச்சு வாங்கி முடிக்கும் வரை பஸ் ஏற முடியவில்லை. இரண்டு பஸ் போய்விட்டது.

நுரையீரல் சுருங்கிப் போயிருக்கிறதாம். பழைய மாதிரி ஆகாது, இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். புகைப் பக்கமே போகக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினால் நல்லது. அது உங்கள் ஊரில்தான் இருக்கிறது.

முக்காலி வாசலுக்குப் போனதிலிருந்து வாலு இன்ஹேலரை ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். தலைமையாசிரியை மாத முடிவுக்குள் பதில் வேண்டும் என்கிறார். வாலுவைக் காப்பாற்றிவிட்டு அக்காவை அந்த அடுப்போடு விட்டுவிட்டு நான் எப்படி வருவேன்? நீங்களே சொல்லுங்கள். இந்தத் தடவை உங்கள் பேச்சைக் கேட்கிறேன்.

உங்கள் டீச்சர்


மார்ச் 15

டீச்சரம்மா,

என்னிடம் கேட்டிருக்கிறாய். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. உறையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

மேலதிகாரியிடம் போய், அந்தப் பக்கம் ஒரு மெஷின் வைக்கலாமே, நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். "கிராமத்துல என்னய்யா அளக்கப் போற, ஆக்சிஜனையா?" என்று அவர் கேட்க, அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. உன் அக்கா குழாய் ஊதிய கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. மெஷின் கிடைக்கவில்லை. லீவு கிடைத்தது.

சனிக்கிழமை கிளம்பி வருகிறேன். பரண் மேல் இருக்கிற பெட்டியை நான் வந்து பிரிக்கிறேன், நீ தொடாதே. சிலிண்டர் மேல் இருக்கிற ரேடியோவுக்கு வேறு இடம் பார்த்து வை.

மாற்றல் விஷயம். உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் சொல். நீ அங்கேயே இருப்பதாக முடிவு செய்தாலும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன், வாரா வாரம் பஸ் ஏறி வருவேன். ஆனால் ஒன்றைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ தெரியாது என்று சொல்லக் கூடாது. நீயும் அவளும் இல்லாமல் எனக்கு இந்த வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.


ஏப்ரல் 4

உங்களுக்கு,

உங்களை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "தம்பி இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கலாம்." அவள் வாயால்! கல்யாணத்தன்று, "ஆளு ஒல்லியா இருக்காரே, தாங்குவாரா?" என்று கேட்டவள்.

நீங்கள் சொன்ன பொய் இன்னும் பலிக்கிறது. லைட்டரை அமுக்கும்போது அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதும், "கண்ணத் தொறந்தாத்தான்கா பத்தும்" என்று சொன்னீர்களே, அதை அப்படியே நம்பிவிட்டாள். இப்போது கண்ணை முட்டை மாதிரி விரித்துக்கொண்டு பற்ற வைக்கிறாள். பற்றியதும் இரண்டடி பின்னால் போகிறாள். அதையும் கொஞ்ச நாளில் விட்டுவிடுவாள். சூளை ஆட்களுக்கான பெரிய பாத்திரங்களுக்கு விறகுதான், வேறு வழியில்லை. நீங்கள் கொல்லையில் தகரம் போட்டு, குழாய் வைத்துக் கட்டிக் கொடுத்த அடுப்பில் புகை நெட்டுக்குத்தாக மேலே போகிறது. சூளைக்காரப் பெண் ஒருத்தி பாதி வேலைக்கு வந்துவிட்டாள். டயரைக் குப்பையில் போட்டாயிற்று.

கண் திறந்துவிட்டால் எல்லாம் தெரிகிறது. அறுவடை முடிந்து சோளத் தட்டையைக் கொளுத்துகிறார்கள். நேற்றுக் காலை பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் எதிரே நின்ற பிள்ளையின் முகம் மங்கலாகத் தெரிந்தது. போன வருஷம் பார்த்திருந்தால் பனி என்று சொல்லி ரசித்திருப்பேன். இப்போது ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே பாடம் நடத்துகிறேன். வாலு நன்றாக இருக்கிறாள், ஓடுகிறாள். ஆனால் நேற்று மட்டும் கொஞ்சம் இழுத்தது.

தலைமையாசிரியையிடம் போய் நிரந்தரம் வேண்டாம், படிப்பு வருஷம் முடிந்ததும் திரும்பிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். "ஏம்மா, இந்தக் காத்த விட்டுட்டா?" என்று கேட்டார். சிரித்துவைத்தேன். உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அங்கே காற்று மோசம் என்று உங்களை விட்டு வந்தேன். இங்கேயும் அப்படித்தான் என்று தெரிந்த பிறகு, உங்களை விட்டு இருப்பதற்கு எனக்கு வேறு காரணமே கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.

அக்காதான் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வா, எங்களோடு இரு என்றால், "இவங்களுக்கெல்லாம் யார் ஆக்கிப் போடுவா?" என்று சூளையைக் காட்டுகிறாள். மழை தொடங்கிச் சூளை மூடினால் பார்க்கலாம் என்கிறாள். அதுவரை நான் நகர்வதாக இல்லை. பள்ளிக்கூடம் மூடினாலும் சரி.

உங்கள்


மே 16

டீச்சரம்மா,

மழை வரும் வரை இரு. நான் காத்திருக்கிறேன், ஆனால் சும்மா இல்லை.

வீடு மாற்றிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான், சிவப்புப் பேனாவால் கோடு போடு. நம் பழைய வீட்டு ஜன்னல் நேராக மெயின் ரோட்டைப் பார்த்துத் திறக்கும். இது உள்ளே தள்ளி, ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குப் பின்னால். வீடு சின்னது. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். ஆனால் படுக்கை அறை ஜன்னலில் வைத்த தாள் டிப்போ தாளில் பாதிகூடக் கறுக்கவில்லை. இங்கே காற்று நல்ல காற்று என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். குளிர்காலம் வந்தால் மறுபடி பயப்படத்தான் வேண்டும், மோசமான நாளில் வாலுவை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த நாள் எது என்று எனக்கு முதலில் தெரியும், உன்னிடம் அன்றே சொல்லிவிடுவேன். சேர்ந்தே பயப்படலாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். வயசான பெண்மணி, பொறுமையாகப் பேசுகிறார். முதல் கேள்வி என்ன கேட்பீர்கள் என்று கேட்டேன். "அடுப்பு என்ன அடுப்புன்னு கேப்பேன்" என்றார். உன் அக்காவிடம் இதைச் சொல். சிகரெட் பேச்சே வராது, பயப்பட வேண்டாம்.

உன் அக்கா வந்தால் எத்தனை நாள் இருப்பார் என்று நீ என்னைக் கேட்டு எழுதவில்லை. கேட்காததற்குச் சந்தோஷம். எத்தனை நாள் வேண்டுமானாலும்.


ஜூன் 9

உங்களுக்கு,

மழை பிடித்துவிட்டது. வானம் கழுவிவிட்டது மாதிரி இருக்கிறது. சூளை மூடி, ஆட்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். போகும்போது ஒவ்வொருவரும் வந்து அக்காவிடம் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒருத்தர் அழுதார். வியாழக்கிழமை மத்தியான பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். அந்தப் பொறுமையான டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அக்கா இரண்டு நாளாகத் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறாள். நான் அவசரப்படுத்தவில்லை. இன்று மத்தியானம் பெட்டி ஒருவழியாக மூடிற்று. அதன் மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். சொல்ல வேண்டியதை வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆஸ்பத்திரியை நினைத்துப் பயப்படுகிறாளோ, வீட்டைப் பூட்டிவிட்டு வருவதை நினைத்தோ என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மெதுவாகக் கேட்டாள்:

"ஏண்டி, அங்கல்லாம் காத்து ரொம்பக் கெட்டுப் போயிருக்குன்னு டிராக்டர்காரன் சொல்றானே. நான் நல்ல காத்துலயே பொறந்து வளந்தவ. எனக்கு ஒத்துக்குமாடி?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒத்துக்கும்கா, அவரு பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டேன்.

மைதானத்துப் பக்கம் ஜன்னல் இருக்கிற அறையை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். நாம் மூன்று பேரும் கூடத்தில் படுத்துக்கொள்ளலாம்.